புரியாத பாட்டை இப்படிப் படித்துப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சங்கப் பாட்டு என்றாலே மனப்பாடம், மதிப்பெண், அவ்வளவுதான் என்று இருந்தேன். இப்போது ஒரு வழி பிடிபட்டிருக்கிறது.

எடுத்தவுடன் உரையைப் பார்க்காதீர்கள். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பில், பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். நான் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன், அப்பத்தா கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் புரிந்த சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். கடைசியில்தான் உரை.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் தொடங்கலாம். 13 அடிதான். பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர், நம் திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டி என்பார்கள். முதல் அடி எல்லாருக்கும் தெரியும். கடைசி இரண்டு அடியில் கொஞ்சம் நில்லுங்கள். பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்து, முதலிடம் வந்தவளோடு என்னை ஒப்பிட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த வாரத்தில் இதைப் படித்தேன். என்னைவிடக் குறைவாக வாங்கிய தோழியை மனசுக்குள் எப்படிப் பார்த்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மறுநாள் நானாகப் போய் அவளோடு பேசினேன்.

படித்து முடித்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்றைக்கு நடந்த எதோடு பாட்டு ஒட்டியது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். அடுத்த தேர்வில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூன்று வரிதான். பொருள் அதன் பின்னாலேயே வந்துவிட்டது.