பால்புதுமை இளையோருக்கான கோடை மலை முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலின அடையாளத்திலோ பால் ஈர்ப்பிலோ பெரும்பான்மையினரிலிருந்து வேறுபடும் பால்புதுமை இளையோரை விடுமுறையில் மலைக்கு அழைத்துச் சென்று மலையேற்றம், பாறையேற்றம், பரிசல், கூடாரத் தங்கல் ஆகியவற்றைப் பழக்கும் முகாம்கள் வெளிநாடுகளில் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அமெரிக்காவில் திருநர் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்டுத் தம்மை உணர்பவர்) சிறாருக்கென 2009-இல் நிறுவப்பட்ட 'கேம்ப் அரானூட்டிக்' அவற்றுள் ஒன்று. ஆனைமலையும் கொல்லிமலையும் ஏற்காடும் பக்கத்திலேயே இருக்கும் கொங்குப் பகுதியில் இத்தகைய முகாமை நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளையோரை மலையில் அடிபடாமல் காப்பதையும், அவர்களைப் பற்றிய செய்தி வெளியே கசியாமல் காப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்து, ஒன்றைப் பயிற்சியாளரிடமும் மற்றதை ஆலோசகரிடமும் ஒப்படைத்துவிடுவதுதான் அடிப்படைத் தவறு. மற்றவற்றில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

வீட்டில் உண்மையைச் சொன்னால் அனுப்பமாட்டார்கள் என்று எண்ணி, பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் கணினி வகுப்பு, கோயில் பயணம் என்று ஏதாவது சொல்லி அழைத்து வருவது இரக்கத்தால் நேர்வதுதான். ஆனாலும் அதைச் செய்யவே கூடாது. பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் சிறாரை அழைத்துச் செல்வது கடத்தல் வழக்குக்கே இடம் கொடுக்கும். அப்படி ஒரு புகார் எழுந்தால் ஊர் முழுவதும் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளையின் பெயர்தான். புதிதாகத் தொடங்கும் முகாம் முதல் சில ஆண்டுகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியவர்களை மட்டும் சேர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வயது வந்தவர்கள் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நிகழ்கிறது. பயண நேரத்தை உறுதி செய்வதற்காக வீட்டு எண்ணுக்கு அழைத்து முகாமின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எல்லா ஊரிலும் மாமன் மச்சான் உறவு நீண்டிருக்கும் இந்தப் பகுதியில், கோபியில் காலையில் வாய்விட்ட சொல் மாலைக்குள் தாராபுரம் போய்ச் சேர்ந்துவிடும். விண்ணப்பத்தில் அவசரத் தொடர்பு எண்ணைக் கேட்கும்போதே, 'இந்த எண்ணில் பேசுபவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்?', 'உங்களை எந்தப் பெயரால் குறிப்பிட வேண்டும்?' என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிட வேண்டும்.

இடத்தையும் பருவத்தையும் பொறுத்தவரை, யாருக்கும் தெரியாமல் போய்வரலாம் என்பதற்காக அனுமதி வாங்காமல் காப்புக் காட்டுக்குள் நுழைவது சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானதும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தப் பயணத்தில் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்துவிட்டது. ஆகவே முறையாகச் செல்ல வழி இருக்கிறது. கத்திரி வெயில் காலத்தில் நடையைப் பகல் பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகலில் இடி திரண்டால் முகட்டில் நிற்கக் கூடாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்தாலும், மேலே மலையில் பெய்த மழை ஓடைக்கும் அருவிக்கும் திடீர் வெள்ளத்தைக் கொண்டுவரும்.

அனுமதிப் பட்டியலில் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் மீட்புக் குழுவுக்கு உதவுவது அதுவே. சோதனைச்சாவடியில் வண்டி நின்றதும் காவலர் உள்ளே எட்டிப் பார்த்து, பட்டியலை உரக்கப் படித்துத் தலையை எண்ணும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து, தான் தேர்ந்துகொண்ட பெயரில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்), எல்லோர் முன்னிலையிலும் தான் விட்டுவந்த பெயருக்குக் கை தூக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்ப்பது எளிது: பொறுப்பாளர் ஒருவர் முன்னதாக இறங்கிச் சென்று பட்டியலையும் அட்டைகளையும் கொடுத்து, வரிசை எண்ணைச் சொல்லி ஆட்களைச் சரிபார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். அப்படியும் பெயர் படிக்கப்படலாம் என்பதை வண்டி ஏறும் முன்பே பங்கேற்பாளர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

பாறையேற்றத்தில், இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையை மாட்டும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கயிறும் கூச்சமும் ஒன்றாகச் சந்திக்கின்றன. பயிற்சியாளர் வழக்கம்போலக் குனிந்து தொடை வளையத்தை இழுத்து இறுக்கினால், பல இளையோர் உடம்பை விறைத்துக்கொண்டு, வலித்தாலும் சொல்லாமல் நிற்பார்கள். கூச்சத்துக்கு இடம் கொடுத்துச் சரிபார்க்காமலே ஏற்றிவிடுவதோ அதைவிட மோசம். முதலில் பயிற்சியாளர் தன் உடலில் மாட்டிக் காட்ட வேண்டும். பிறகு அவர்களே மாட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில், 'இந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறேன்' என்று சொல்லி, இசைவு பெற்று, கொக்கியையும் முடிச்சையும் தொட்டே பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைக்கு யாருக்கும் விலக்கு கிடையாது. தொடை வளையம் அழுத்தும் இடம் திருநங்கையர் சிலருக்கு வலி தரும் என்பதால், சரிசெய்துகொள்ளத் தனி மறைப்பும் நேரமும் கொடுக்க வேண்டும்.

மார்பு தட்டையாகத் தெரியத் திருநம்பியர் சிலர் இறுக்கமாக அணியும் பைண்டர் என்ற உள்ளாடையை அணிந்துகொண்டு மலை ஏறுவது மூச்சைத் தடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியக் கூடாது, கடும் உடற்பயிற்சியின்போதும் உறங்கும்போதும் கழற்றிவிட வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். அங்கே போய் அதைக் கழற்றச் சொன்னால் யாரும் கழற்றமாட்டார்கள். விளையாட்டு உள்ளாடையும் தளர்ந்த சட்டையும் எடுத்துவரும்படி முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மாத்திரைகளைப் பற்றிக் கேட்கத் தயங்குவதும் தவறு. திருநங்கையர் பலர் எடுத்துக்கொள்ளும் ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீரை அதிகரிக்கும் மருந்து. மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியம், உடலில் நீர் வற்றினால் நஞ்சாக மாறக்கூடும். இவற்றை எடுப்பவர்களின் தண்ணீர் அளவைக் கவனிக்க முதலுதவியாளர் ஒருவருக்கு மட்டும் விவரம் தெரிந்தால் போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே ஒருவர் மயங்கினால் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கீழே இருக்கும்போதே கணக்கிட வேண்டும்.

தயங்குபவரைத் தள்ளிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்ற எண்ணம் இன்னும் சில பயிற்சியாளர்களிடம் இருக்கிறது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் நடந்த பேரிடர் ஒத்திகையில், மாடி விளிம்பில் தயங்கி உட்கார்ந்திருந்த மாணவியைப் பயிற்சியாளர் தள்ளியதில் அந்தப் பெண் உயிரிழந்தார். 'வேண்டாம்' என்று சொன்னால் அது மதிக்கப்படும் என்பதை வாழ்வில் அதிகம் பார்த்திராத இளையோர் இவர்கள். ஏற மறுப்பவருக்குக் கயிறு பிடிக்கும் பொறுப்பைப் பழக்கிக் கொடுங்கள்.

கூடாரங்களை ஆண், பெண் என்று இரண்டாகப் பிரிக்காமல், யாருடன் தங்க விருப்பம் என்பதை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். பொறுப்பாளர் எவரும் ஒரு பங்கேற்பாளருடன் கூடாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. இதற்கு எந்தக் காரணமும் விலக்கு ஆகாது.

இரவில் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்லும்படி கேட்பது பல முகாம்களின் வழக்கம். ஒருவர் அழுதால் அடுத்தவரும் அழுதாக வேண்டும் என்ற நெருக்கடியை அது உண்டாக்குகிறது. இவர்கள் வந்திருப்பது மலை ஏறுவதற்காக; பேச விரும்புபவர் நடக்கும்போதோ, பாத்திரம் கழுவும்போதோ தாமாகப் பேசுவார். ஆலோசகரை அமர்த்தும்போது, பால் ஈர்ப்பை 'மாற்ற' முடியும் என்று நம்புபவர் நுழைந்துவிடாமல் கவனிக்க வேண்டும். அத்தகைய 'சிகிச்சை'க்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று ஆணையிட்டது. மறு ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது.

ஒளிப்படங்களில் கவனக்குறைவு சட்டென நேர்ந்துவிடுகிறது. முகம் தெரியாத படம்கூடச் சட்டையாலும் பின்னால் தெரியும் பாறையாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முகாம் முடியும் வரை பொதுவெளியில் எந்தப் படமும் போகக் கூடாது. அதன் பிறகும், படத்தில் உள்ள ஒவ்வொருவரும் இசைந்தால் மட்டுமே போகலாம். ஓட்டுநர், சமையல்காரர், பரிசல்காரர் எல்லோருக்கும் இதே விதிதான்.

வீடு திரும்பும் நாளை யாரும் திட்டமிடுவதில்லை. நகப்பூச்சை அழிக்கும் திரவம், பையில் மறைந்திருக்கும் பேட்ஜ், போனில் இருக்கும் குழு உரையாடல் ஆகியவற்றைப் பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட பிறகு நினைத்துப் பயனில்லை. வீட்டில் காட்டிக்கொடுக்கக்கூடிய தடயங்களை நீக்கவென்றே கடைசிக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நலம் விசாரிக்க அனுப்பும் செய்தியில் முகாமின் பெயர் இருக்கக் கூடாது. எந்த நேரத்தில், எந்த எண்ணுக்கு, என்ன சொல்லி அனுப்புவது என்பதைப் பங்கேற்றவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மனநல உதவிக்கான அரசின் 14416 என்ற எண்ணையும் அப்போதே கொடுத்துவிடலாம்.