சிறு அலுவலகத்துக்கு இலவச வி.பி.என்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் கடன் கணக்கும் பெரும்பாலும் அலுவலகத்திலுள்ள ஒரே கணினியில்தான் இருக்கும். ஈப்போவில் வசிக்கும் பொருளாளர் அதை வீட்டிலிருந்தே திறக்க விரும்பும்போது, செலவில்லாமல் ஒரு வி.பி.என் (இணையத்தின் வழியே பாதுகாப்பாக இணைக்கும் தனிப்பட்ட வலையமைப்பு) அமைக்கும் பொறுப்பு, கணினித் துறையோடு தொடர்பே இல்லாத செயலாளரிடம் வந்து சேர்கிறது.

முதல் தவறு தேடும்போதே நேர்கிறது. கைப்பேசியில் 'இலவச வி.பி.என்' என்று தேடினால் வரும் செயலிகள், நம் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்துச் சேவையகத்தின் வழியே திருப்பிவிடுபவை. அவற்றைக் கொண்டு அலுவலகக் கணினியை எட்ட முடியாது. அவற்றில் பல நம்பத்தக்கவையும் அல்ல. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என் செயலிகளைச் சோதித்தபோது, 18 விழுக்காட்டுச் செயலிகள் தரவை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யாமலே அனுப்பியது தெரியவந்தது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களைக் கையாளும் அலுவலகம் இவற்றை அண்டவே கூடாது. நமக்குத் தேவையானது, வெளியிலிருந்து அலுவலகக் கணினியை எட்ட உதவும் தொலை அணுகலுக்கான வி.பி.என். ஓப்பன்வி.பி.என், வயர்கார்டு, டெயில்ஸ்கேல், ஸீரோடியர் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை.

அடுத்த தவறு, அலுவலகத்தின் இணைய இணைப்பு எத்தகையது என்று பாராமல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது. ஃபைபர் எட்டாத இடங்களில் சிம் அட்டை போட்ட 4ஜி மோடமே அலுவலகத்தின் இணைப்பாக இருக்கிறது. அத்தகைய இணைப்புகளில் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரே பொது இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பது வழக்கம். இதனால், வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் மோடத்தை வந்தடைய வழியே இருக்காது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN) முகவரி, அதாவது மோடத்தின் வெளிப்புற இணைய முகவரி, என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஏதேனும் ஒன்றில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, வயர்கார்டையோ ஓப்பன்வி.பி.என்னையோ நீங்களே அலுவலகத்தில் நிறுவி எவ்வளவு முயன்றாலும் பொருளாளரால் உள்ளே வர முடியாது. ஆனால் டெயில்ஸ்கேலில் அலுவலகக் கணினி, பொருளாளரின் கணினி ஆகிய இரு முனைகளும் வெளிநோக்கியே இணைப்பைத் தொடங்குகின்றன. நேர்வழி கிடைக்காவிட்டால் இடைச் சேவையகம் மறையாக்கம் செய்யப்பட்ட தரவைக் கடத்தித் தருகிறது. தொழில்நுட்பம் அறியாத நிர்வாகிக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆயினும் இலவசத் திட்டத்தின் பயனர் வரம்பும் விதிமுறைகளும் மாறக்கூடியவை. சங்கம் போன்ற அமைப்புக்கு அது பொருந்துமா என்று பதிவு செய்யும் நாளிலேயே படித்துப் பாருங்கள்.

வி.பி.என் சிரமமாக இருக்கிறதென்று, விண்டோஸின் தொலைத்திரை வசதிக்கான 3389 என்ற வாயிலை (port) இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட யாரேனும் யோசனை சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பழைய ரவுட்டர்களில் உள்ள பி.பி.டி.பி. என்ற பழைய வி.பி.என் முறையும் வேண்டாம்; அதன் பாதுகாப்புக் குறைகளால் ஆப்பிள் நிறுவனம் 2016லேயே அதைத் தன் இயங்குதளங்களிலிருந்து நீக்கிவிட்டது.

இவை அனைத்தையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். கிராணியின் (அலுவலக எழுத்தரின்) சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டால், அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் அலுவலகத்தின் சாவியும் அவரோடு போய்விடுகிறது. சங்கத்தின் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, இரண்டு நிர்வாகிகளை நியமித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் இரட்டைச் சரிபார்ப்பும் ஏற்படுத்துங்கள். ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் புதிய செயலவை தேர்வானதும், வங்கிக் கையொப்பத்தை மாற்றும் அதே வாரத்தில் பழைய செயலவையினரின் சாதனங்களையும் நீக்கிவிட வேண்டும். ஒருவரை நீக்குவது எப்படி என்பது உங்களுக்கே விளங்காத மென்பொருளை, அது எவ்வளவு புகழ்பெற்றதாயினும், தேர்ந்தெடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் இணைப்பு திடீரென நின்றுபோவதுண்டு. டெயில்ஸ்கேலில் ஒரு சாதனத்தின் அனுமதி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும்; அலுவலகக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவைக்கலாம். விண்டோஸில் பயனர் வெளியேறிய பின்னும் டெயில்ஸ்கேல் இயங்குவதற்கான அமைப்பையும், கணினி உறங்காமல் இருப்பதற்கான அமைப்பையும் சேர்த்தே செய்யுங்கள். இடி மின்னலுக்கு அஞ்சி மாலையில் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு; அதை மறுநாள் காலையில் திரும்பச் செருகுவது யார் பொறுப்பு என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.