சேஸை வெட்டாமல் ஒரு கஃபே ரேசர்

கோவை கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வரும் பையன்களில் நிறையப் பேர் போனில் ஒரு போட்டோவோடு வருவார்கள். தாழ்ந்த கைப்பிடி, ஒற்றை சீட், பின்னால் ஒரு திமில். கஃபே ரேசர் என்பது இந்த மாதிரி வண்டிதான். "அண்ணா, இதே மாதிரி வேணும். சேஸை எந்த இடத்துல வெட்டணும்?" என்பதுதான் முதல் கேள்வி. சேஸ் என்றால் வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டம். எங்கேயும் வெட்ட வேண்டாம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வெளியே நிற்கும் என் வண்டியைக் காட்டுவேன். 1994 மாடல் என்ஃபீல்டு புல்லட் 350, ரைட் கியர், அதாவது கியர் வலது காலில். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தது. நாலு வருடமாக ஓடுகிறது. சேஸில் ஒரு ரம்பக் கீறல் கூடக் கிடையாது. கழற்றிய பாகம் எல்லாம் பரணில் இருக்கிறது. நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி புல்லட்டாக்கி விடலாம்.

இந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று தானாகவே புரியும். லண்டனில் நார்த் சர்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938இல் லாரிக்காரர்களுக்காகத் திறந்தது. 1950, 60களில் மணிக்கு நூறு மைல் தொட வேண்டும் என்று வெறிபிடித்த இளைஞர்கள் அங்கே கூடினார்கள். வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் வண்டியிலிருந்து கழற்றினார்கள். காற்று நெஞ்சில் மோதாமல் இருக்கக் கைப்பிடியைத் தாழ்த்தினார்கள். கைப்பிடி தாழ்ந்தால் முதுகு குனியும். முதுகு குனிந்தால் கால் பின்னால் போக வேண்டும். கால் பின்னால் போனால் சீட்டும் பின்னால் போக வேண்டும். அந்த அழகு முழுக்க இந்தச் சங்கிலியில் இருந்து வந்தது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியே அந்தப் பையன்களுக்காக 1960களின் நடுவில் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை இங்கிலாந்தில் போட்டது. ஆகவே புல்லட்டை இப்படி மாற்றுவது அதன் குடும்பத்துக்குள்ளேயே நடக்கிற காரியம்தான்.

கை, கால், இடுப்பு. இந்த மூன்று புள்ளியையும் உங்கள் உடம்புக்கு ஏற்ப முதலில் முடிவு செய்யுங்கள். போட்டோவில் இருக்கும் வண்டி வேறொருவர் உடம்புக்குச் செய்தது.

வண்டி வாங்கும்போது ஆர்சி புக்கைக் கையில் வைத்துக்கொண்டு சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதையும் பாருங்கள். பெயிண்ட் போயிருந்தால் கவலையில்லை. ஒரிஜினலாக, பெயிண்ட் கூட மாறாமல் இருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டி கிடைத்தால் தயவுசெய்து அதன் மேல் கை வைக்காதீர்கள். அந்த மாதிரி வண்டிகள் இனி வரப்போவதில்லை. ஏற்கெனவே சீட்டும் மட்கார்டும் துருப்பிடித்து, ஆனால் இன்ஜின் உயிரோடு இருக்கும் வண்டிதான் இந்த வேலைக்குச் சரி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூட விதிக்கலாம். நிறம் மாற்றினால் ஆர்சியில் ஏற்ற வேண்டும். ஆர்சியில் இருக்கை இரண்டு என்று இருக்கும்போது நீங்கள் ஒற்றை சீட் போடுகிறீர்கள், அதையும் நினைவில் வையுங்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட் எதையும் எடுக்காதீர்கள். எல்லாமே போல்ட்டில் மாட்டிக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் கழற்றும் முன் வண்டியை ஒரு மாதம் அப்படியே ஓட்டுங்கள். புகை வருகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, எந்த கியர் நழுவுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் செலவு இன்ஜினுக்கும் பிரேக்குக்கும். என் வண்டியில் முன் பின் இரண்டு பிரேக் ட்ரம்மையும் லேத்தில் லேசாகக் கடைந்து வட்டம் சரி செய்தேன். புது லைனர், ஸ்டீரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், இரண்டு டயர், எல்லாக் கேபிள்களும். இதற்கே கையில் இருந்த பணத்தில் பாதி போய்விட்டது. பார்க்க வண்டி அப்படியேதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாதிதான் உங்களை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வரும்.

அப்புறம் கழற்றுவது. ஒவ்வொரு இடத்தின் நட்டு போல்ட்டையும் தனித்தனி கவரில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், வயர் போகும் வழியை இரண்டு முறை எடுங்கள். பின் மட்கார்டு, பெரிய சீட், கிராஷ் கார்டு, சாரி கார்டு, கேரியர் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தபோது 19 கிலோ இருந்தது.

கைப்பிடியில் புல்லட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஹெட்லைட் உட்கார்ந்திருக்கும் அந்த டூம் வெறும் மூடி கிடையாது. முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாயின் தலையையும் பிடித்திருப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு, ஃபோர்க் குழாயிலேயே தனித்தனியாகக் கவ்வும் கிளிப் ஆன் கைப்பிடி போட வேண்டும் என்றால் தனியாக டாப் பிளேட் ஒன்று வேண்டும். அந்தப் பிளேட்டைக் கண்ணளவில் துளை போட்டு யாரும் செய்யக் கூடாது. இரண்டு துளைக்கும் நடு ஒரு மயிரிழை தவறினாலும் ஃபோர்க் இறுகி, வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, டூமை அப்படியே விட்டுவிட்டு, தாழ்வான ஏஸ் பார் ஒன்றை அதன் மேல் இருக்கும் கிளாம்பிலேயே மாட்டுங்கள் என்பதுதான். எந்தக் கைப்பிடி போட்டாலும் முழுதாக இடது, முழுதாக வலது திருப்பிப் பாருங்கள். டேங்குக்கும் லீவருக்கும் நடுவே உங்கள் கட்டைவிரல் நுழைய வேண்டும். நான் இதைப் பார்க்காமல் டேங்கைப் பெயிண்ட் அடித்து மாட்டி, முதல் நாளே வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது கிளட்ச் லீவர் டேங்கில் குத்திப் பள்ளம் விழுந்தது. திரும்பவும் டிங்கரிங், திரும்பவும் பெயிண்ட்.

ஃபுட்ரெஸ்ட்டுக்கு வாருங்கள். என்னிடம் கேட்டால் முழு வேலையிலும் கஷ்டமானது இதுதான். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை வைத்து, கால் எங்கே சுகமாக நிற்கிறது என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். முழங்கால் நேர்மூலையைவிட (90 டிகிரி) அதிகம் மடங்கினால் அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். கையில் பாரம் இறங்காமல் வயிற்றுத் தசையால் முதுகைத் தாங்க முடிகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, நண்பரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு அது பழைய இடத்திலிருந்து 210 மில்லிமீட்டர் பின்னால், 60 மில்லிமீட்டர் மேலே வந்தது. பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டை ஆதாரமாக வைத்து 8 மில்லிமீட்டர் பிளேட்டில் இரண்டு பக்கமும் தாங்கி செய்தேன். முதலில் அட்டையில், பிறகு பிளைவுட்டில், கடைசியாக இரும்பில்.

ரைட் கியர் புல்லட்டில் பிரேக் இடது காலில். பெடல் பின்னால் போனதும் எல்லோரும் அதைக் குட்டையாக்கி விடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று. நானும் அதைத்தான் செய்தேன். பழைய பெடலில் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை உள்ள நீளம், அச்சிலிருந்து பிரேக்கை இழுக்கும் ராடு மாட்டும் இடம் வரை உள்ளதைப்போல் நாலு மடங்கு இருந்தது. நான் செய்த புதுப் பெடலில் இரண்டரை மடங்குதான். புது லைனர் போட்டும் மரக்கட்டையை மிதிப்பது போல இருந்தது. மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏறிவிட்டு இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. முழு பலத்தோடு மிதித்தும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. முன் பிரேக்கும் கடவுளும்தான் காப்பாற்றினார்கள். அன்று இரவே பெடலைக் கழற்றி, 140 மில்லிமீட்டருக்கு 35 என்று மறுபடி செய்தேன். இன்னொன்று, பிரேக் முழுதாகப் பிடிக்கும் நேரத்தில் ராடும் ட்ரம்மின் கையும் நேர்மூலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் காலின் பலம் வீணாகாமல் போய்ச் சேரும்.

கியர் பக்கம் 6 மில்லிமீட்டர் ராடு, இரண்டு முனையிலும் ரோஸ் ஜாயிண்ட், அதாவது எந்தப் பக்கமும் அசையும் குண்டு மூட்டு. ஒரு முனைக்கு வலது மரை, இன்னொரு முனைக்கு இடது மரை போடுங்கள். ராடைத் திருகினாலே லீவர் உயரம் மாறும். ராடின் இரண்டு முனையும் மாட்டும் லீவர் கைகள் ஒரே திசையில் நிற்கும்படி மாட்டினால் கியர் பழையபடி விழும், மேலே ஒன்று, கீழே மூன்று. ஒன்று மேலும் ஒன்று கீழும் நின்றால் எல்லாம் தலைகீழாகும். கிக்கரும் அதே வலது பக்கம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் போன ஃபுட்ரெஸ்ட் கிக்கர் வரும் வழியில் நிற்கும். மடக்கும் ஃபுட்ரெஸ்ட் போட்டே ஆக வேண்டும். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஏதோ ஒரு வண்டியின் பில்லியன் ஃபுட்ரெஸ்ட் ஜோடி எனக்குக் கிடைத்தது.

சீட்டுக்கு, டேங்கின் கீழ்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஒரு நூல் கட்டுங்கள். சீட்டின் அடித்தளம் அந்த நூலோடு ஒட்டிப் போனால் வண்டி பார்க்க ஒரே கோடாக இருக்கும். பின் மட்கார்டு போனதால் சீட்டைத் தாங்க எதுவும் இருக்காது. பழைய மட்கார்டும் பிடிகம்பியும் மாட்டியிருந்த அதே துளைகளில் போல்ட் போடும்படி, குழாயை வளைத்து ஒரு வளையம் செய்தேன். வெல்டிங் வளையத்தில் மட்டும்தான், சேஸில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அடித்தகடு 18 கேஜ் தகரம், திமில் ஃபைபர்.

தகட்டை முடிவு செய்யும் முன் ஒன்று செய்யுங்கள். பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஷாக் முழுதாக அமுங்கும் அளவுக்குச் சக்கரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். டயருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே டயர் தகட்டைத் தின்னும். டயருக்கு மேல் ஒரு சின்ன மட்கார்டும் விடுங்கள், மழை நாளில் முதுகு உங்களை வாழ்த்தும்.

சீட் தைக்கும் பெரியவர் என் அளவுகளைப் பார்க்கவே இல்லை. "தம்பி, மொதல்ல உக்காந்து காட்டுங்க" என்றார். அடியில் கெட்டி ஃபோம், மேலே மெத்து ஃபோம் வைத்து, என்னை உட்கார வைத்து, தொடை உரசும் இரண்டு ஓரத்தையும் கத்தியால் சீவினார். மூன்று முறை உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தோலை எடுத்தார். ஆனைகட்டி வரை வலிக்காமல் போய் வருகிறேன் என்றால் அவர் கைதான் காரணம்.

பெயிண்ட் உங்கள் இஷ்டம். எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பக் கழற்றிக் கடைசியாகத்தான் அடிக்க வேண்டும். சேஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் சேஸ் நம்பர் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கோட்டிங் எழுத்துக்குள் நிரம்பிவிட்டால் எஃப்சியில் நம்பரே தெரியாது. எனக்குக் கோட்டிங் முடிந்து வந்த வண்டியில் லைட் மினுக்கு மினுக்கு என்று எரிந்தது. இரண்டு நாள் வயரிங்கைத் தேடினேன். எர்த் வயர் மாட்டிய இடத்தில் கோட்டிங் மூடியிருந்தது, அதைச் சுரண்டி இரும்பு தெரிந்ததும் சரியாகிவிட்டது.

கார்புரேட்டரில் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுவதை நான் விரும்பவில்லை. காற்று கூடினால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டும் பெரிதாக வேண்டும். ஓட்டி நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். கரியாக இருந்தால் அதிகம். இளம் பழுப்பாக இருக்க வேண்டும். சைலன்சரின் உள்குழாயை எடுக்காதீர்கள். தூங்கும் தெருவை எழுப்புவதில் எந்த அழகும் இல்லை.

ஓட்டத் தொடங்கியதும் நட்டுகளைத்தான் கவனிக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள ஒற்றைப் பிஸ்டன், அதன் அதிர்வு எதையும் சும்மா விடாது. புதிதாகச் செய்த ஒவ்வொரு பாகத்துக்கும் நைலான் லாக் நட் போட்டேன். இறுக்கிய பிறகு நட்டிலும் அதை ஒட்டிய இரும்பிலும் சேர்த்து என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், ஸ்பேனர் தேவையில்லை, கண்ணே போதும். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தபோது இடது ஃபுட்ரெஸ்ட் பிளேட்டில் இரண்டு கோடு உடைந்திருந்தது. 200இல் ஒன்று. 500க்குப் பிறகு எதுவும் நகரவில்லை. இன்றும் ஞாயிறு காலை சாவியைத் திருப்பும் முன் குனிந்து அந்தச் சிவப்புக் கோடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கிக்கரை மிதிக்கிறேன்.