புதிய இன்டேக்குக்கு ஏற்ப மாஃப் அட்டவணையைத் திருத்தும் முறை: சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்

2008 முதல் 2014 வரை வந்த சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரில் வெளிச்சந்தை இன்டேக் (கார் கம்பெனி அல்லாதவர்கள் செய்த, எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் குழாயும் ஃபில்டரும்) பொருத்தியவர்கள், எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யு.வின் மாஃப் அட்டவணையை, அதாவது உட்செல்லும் காற்றின் அளவைக் கணக்கிடும் அட்டவணையை, தாங்களே திருத்திக்கொள்வதற்கான வழியை இங்கே தருகிறேன். இன்டேக்கை மாட்டுவதும், ஈ.சி.யு.வை லேப்டாப்புடன் சேர்க்கும் ஓ.பி.டி. கேபிளை இணைப்பதும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஃபில்டரை அடுத்த குழாயில் இருக்கும் மாஃப் சென்சார், தன் சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வோல்ட்டாக மட்டுமே சொல்கிறது. அந்த வோல்ட்டுக்கு நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்பதை ஈ.சி.யு. அட்டவணையைப் பார்த்து அறிகிறது; அட்டவணையோ கம்பெனிக் குழாயின் உள்விட்டத்துக்காக எழுதப்பட்டது. உள்விட்டம் 66 மி.மீ.இலிருந்து 73 மி.மீ. ஆனால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 22 சதவீதம் கூடுகிறது. அப்போது அதே அளவு காற்று கம்பியை மெதுவாகக் கடப்பதால், சென்சார் குறைத்தே சொல்கிறது.

ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈ.சி.யு. தானே சரிசெய்துகொள்ளும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எரிபொருளைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மைதான். இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி கொடுக்கும் நேரத்தை) பொறுத்தவரை உண்மையல்ல. 3000 ஆர்.பி.எம்.மில் உண்மையில் நொடிக்கு 100 கிராம் காற்று போனால் லோடு, அதாவது எஞ்சினின் ஒரு சுற்றுக்குப் போகும் காற்று, 2 கிராம். சென்சார் 85 என்று சொன்னால் ஈ.சி.யு. அதை 1.7 என்று கணக்கிட்டு, டைமிங் அட்டவணையில் லேசான லோடுக்குரிய கட்டத்துக்குப் போய், தேவைக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்கிறது, அதாவது தீப்பொறியை முன்கூட்டியே தருகிறது. டர்போ எஞ்சினில் நாக் (எரிபொருள் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வருவதற்கு அது போதும். எனவே அட்டவணை சரியாகும்வரை முழு த்ராட்டில் கொடுக்கவே கூடாது.

கருவிகளில் என் தேர்வு டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிள், ஈ.சி.யு.வைப் படித்து எழுதும் ஈ.சி.யு.ஃப்ளாஷ் மென்பொருள், அட்டவணையைத் திருத்தவும் எண்களைப் பதிவுசெய்யவும் உதவும் ரோம்ரெய்டர் மென்பொருள் ஆகியவை. கோப் அக்சஸ்போர்ட்டும் நல்ல கருவிதான். அந்த நிறுவனத்தின் எஸ்.எஃப். இன்டேக்குக்கென்றே தனி மேப் (ஈ.சி.யு.வில் ஏற்றும் அட்டவணைகளின் தொகுப்பு) தருகிறார்கள். ஆனால் வேறு இன்டேக் போட்டவர்கள் ‘இதுவும் ஏறத்தாழ அதே அளவுதானே’ என்று அந்த மேப்பை ஏற்றுவதை நான் ஏற்கவில்லை.

முதல் வேலையாக, காரில் இருக்கும் ரோமை, அதாவது ஈ.சி.யு.வின் மென்பொருளை, படித்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் இணைப்பில் இருக்கட்டும். அடுத்து, குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு உள்ளதா என்று புகைச் சோதனையால் உறுதிசெய்துகொள்ளுங்கள்; கசிவுள்ள காரில் எடுத்த லாக் (ஓட்டும்போது பதிவாகும் எண்கள்) எதற்கும் உதவாது.

பிறகு ரோம்ரெய்டர் லாகரில் மாஃப் வோல்ட், ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம், உட்செல்லும் காற்றின் வெப்பம், ஏ/எஃப் கரெக்ஷன் (காற்று-எரிபொருள் விகிதத்துக்காக ஈ.சி.யு. அந்தக் கணத்தில் செய்யும் திருத்தச் சதவீதம்), ஏ/எஃப் லேர்னிங் (அது நினைவில் வைத்திருக்கும் திருத்தச் சதவீதம்), சி.எல்./ஓ.எல். (க்ளோஸ்டு லூப்/ஓப்பன் லூப்) நிலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பின் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நிலை 8 என்று காட்டும் க்ளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈ.சி.யு. எரிபொருளைத் திருத்தும் நிலை) வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, த்ராட்டில் சட்டென்று மாறிய இடங்களை நீக்கிவிடுங்கள்.

மிகுந்த பொறுமை தேவைப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கரெக்ஷனையும் லேர்னிங்கையும் கூட்டினால் வருவதே மொத்தப் பிழை. 2.0 வோல்ட்டில் அட்டவணை 16 கிராம் என்றும், கரெக்ஷன் +4, லேர்னிங் +6 என்றும் இருந்தால், புதிய மதிப்பு 17.6. லேர்னிங் வோல்ட் வாரியாக அல்லாமல் காற்றோட்டத்தின் அளவுப்படி நான்கு வரம்புகளாகச் சேமிக்கப்படுவதால், ஒரு வரம்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எண்கள் திடீரென்று குதிக்கும். அந்தக் குதிப்பை அப்படியே அட்டவணையில் எழுதினால் வளைகோட்டில் மேடு விழுந்து, மெதுவாக ஓட்டும்போது கார் தயங்கும். லாகரிலேயே ‘அப்டேட் மாஃப்’ பொத்தான் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் கையால் எழுதி, பக்கத்து வரிகளோடு ஒப்பிட்டு, வளைகோட்டைச் சீராக்குவதையே நான் விரும்புகிறேன். உயர்வோல்ட் வரிகளுக்குத் தரவு இருக்காது. நம்பத்தக்க கடைசி வரியின் சதவீதத்தையே அவற்றுக்கும் தற்காலிகமாகக் கொடுங்கள்.

ஃப்ளாஷ் செய்ததும், அதாவது திருத்திய அட்டவணையை ஈ.சி.யு.வில் எழுதியதும், பழைய லேர்னிங் அழிந்துவிடும். மீண்டும் ஓட்டி, மொத்தப் பிழை எல்லா இடத்திலும் 5 சதவீதத்துக்குள் அடங்கும்வரை இதையே தொடருங்கள். நான்காவது வரம்பின் லேர்னிங் ஓப்பன் லூப்பிலும் (சென்சாரைப் பார்க்காமல் அட்டவணைப்படியே எரிபொருள் தரும் நிலையிலும்) சேர்க்கப்படுகிறது என்பதால், அதைப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவருவது முக்கியம்.

முழு த்ராட்டில் பகுதிக்கு வைட்பேண்ட் (காற்று-எரிபொருள் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் சென்சார்) இல்லாமல் போகாதீர்கள். ஈ.சி.யு. 11.0 விகிதம் கேட்டு வைட்பேண்ட் 11.6 காட்டினால், அந்த வோல்ட் வரிகளை 5 சதவீதம் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஃபீட்பேக் நாக், ஃபைன் நாக் லேர்னிங் இரண்டையும் (நாக் கேட்டு ஈ.சி.யு. டைமிங்கை மாற்றும் அளவுகள்) கவனியுங்கள், ஐ.ஏ.எம். (எவ்வளவு டைமிங் தரலாம் என்று ஈ.சி.யு. வைத்திருக்கும் எண்) 1.0இலிருந்து இறங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: கேட்டவர்கள் சிலரின் கார்களில் ஐடிலில் மட்டும் எண்கள் நிலைகொள்ளவில்லை. குழாயில் சென்சாருக்கு முன்னால் காற்றை நேராக்கும் தேன்கூட்டு வலை இல்லாததும், எண்ணெய் தடவிய ஃபில்டரிலிருந்து எண்ணெய் கம்பியில் படிந்ததும் இதற்கு வழக்கமான காரணங்கள். மாஃப் க்ளீனரால் கம்பியைச் சுத்தம் செய்து, காயவிட்டு, புதிதாக லாக் எடுங்கள். ஹோண்டாவின் கே20ஏ போல மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் எஞ்சின்களில் மாஃப் சென்சாரே இல்லாததால், இந்தத் திருத்தம் அவற்றுக்குப் பொருந்தாது.