கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போடும் முன் சரக்குப் பெயரைச் சரிசெய்யுங்கள்

டாலியோ வேறு எதுவோ, புது சாஃப்ட்வேர் வந்ததும் எல்லோரும் பில் போட்டுப் பார்ப்பதில்தான் குறியாக இருப்பார்கள். ஆனால் தலைவலி பெரும்பாலும் சரக்குப் பட்டியலில்தான் தொடங்குகிறது. ஹார்டுவேர் கடையில் அரை இன்ச் பிவிசி எல்போவை ஒருவர் '1/2 எல்போ' என்று ஏற்றுவார், இன்னொருவர் 'எல்போ அரை' என்று ஏற்றுவார். ஒரே சரக்கு இரண்டாகிவிடும். ஒன்றில் இருப்பு மைனஸில் போகும், மற்றது விற்காமலே கிடப்பதாகக் காட்டும். அதனால் சரக்கு, அளவு, பிராண்டு என்று பெயரின் வரிசையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெட்டியாக வாங்கிச் சில்லறையாக விற்பதற்கு, ஒரு பெட்டியில் எத்தனை என்பதையும் அப்போதே பதிந்துவிடுங்கள். சரக்கு எந்த வகை என்று வரிக்காகக் குறிக்கும் ஹெச்எஸ்என் குறியீட்டையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அப்புறம், தொடங்கும் நாள். நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 வசதி. மார்ச் 31 இரவு கடையடைத்ததும் சரக்கை எண்ணி, அதையே தொடக்க இருப்பாக ஏற்றலாம். பழைய நோட்டை உடனே மூட வேண்டாம். ஒரு மாதம் இரண்டிலும் எழுதி, தினமும் கல்லாவோடு ஒப்பிடுங்கள்.

இத்தனையையும் பல வருடமாக நோட்டு எழுதும் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள். எந்தச் சரக்கை வாடிக்கையாளர் எந்தப் பெயரில் கேட்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.