ஜாம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் செய்யும் ஜாம் உறையாமல் நீர்த்துப்போவதற்குப் பெரும்பாலும் சர்க்கரையை வெறும் இனிப்பாகக் கருதுவதே காரணம். பழத்திலுள்ள பெக்டின் என்னும் இயற்கை நார்ப்பொருள், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் உரிய அளவில் சேர்ந்தால்தான் ஜாம் உறையும். சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, புளிப்பின் துணையால் பெக்டின் இழைகள் விலகாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இந்தப் பின்னல் உருவாகாது, ஜாமும் விரைவில் கெட்டுவிடும். குறைந்த சர்க்கரையில்தான் செய்ய வேண்டுமென்றால், கால்சியத்துடன் சேர்ந்து உறையும் தனிவகைப் பெக்டினை வாங்கிப் பயன்படுத்துவதே முறை.

நன்கு கனிந்து குழைந்த பழமே ஏற்றது என்பதும் தவறு. பழம் அளவுமீறிக் கனிந்தால் பெக்டின் சிதைந்துவிடுவதால், காய்ப்பதம் மாறாத சில பழங்களையும் கலந்துகொள்வது நல்லது. ஸ்ட்ராபெரி போன்று பெக்டின் குறைந்த பழங்களுக்கு எலுமிச்சைச் சாறும் ஆப்பிள் துண்டுகளும் கைகொடுக்கும். தடித்த தோலுள்ள பழங்களை வேகவைத்த பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் தோல் விறைத்துவிடும்.

பதம் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கொதிக்கும் ஜாம் எப்போதும் தளர்வாகவே தெரியும் என்பதை மறந்து, அடுப்பிலேயே கெட்டியாகும்வரை கிளறினால், ஆறியதும் அது மிட்டாய்போல் இறுகிவிடும் அல்லது பெக்டின் சிதைந்து, கருகல் வாடையுடன் பாகாகவே நின்றுவிடும். கடல் மட்டத்தில் 105 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பதம் வரும்; மலைப்பகுதிகளில் நீரின் கொதிநிலை குறைவதால், அங்கே நீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 அல்லது 5 டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். வெப்பமானி இல்லையெனில், குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் சுருக்கம் விழுந்தால் அதுவே பதம். இந்தச் சோதனை முடியும்வரை அடுப்பை அணைத்து வைக்காதவர்கள் சோதித்தும் பயனில்லை.

அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் காய்ச்சினால் நீர் வற்ற நேரமாகி, பழத்தின் நிறமும் மணமும் போய்விடும். அகன்ற பாத்திரத்தில் இருமுறை காய்ச்சுவதே மேல்.

ஈரமுள்ள பாட்டிலும் நனைந்த கரண்டியும் பூஞ்சணத்துக்கு இடம்கொடுக்கும். பூஞ்சணம் பிடித்த மேற்பகுதியை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணும் வழக்கம் ஆபத்தானது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கக்கூடும் என்பதால் பாட்டிலில் உள்ளதை முழுவதுமாகக் கொட்டிவிட வேண்டும்.