அப்கிரேடு விலையில் பழைய வாடிக்கையாளரை இழப்பது எப்படி: செஸ் மென்பொருள் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ் மென்பொருளை முதன்முதலாக விற்பனைக்கு விடுகிறவர்கள் முதல் பதிப்பின் விலையைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அடுத்த பதிப்பு வரும்போது பழையவர்களுக்கு என்ன விலை என்பதை மட்டும் வெளியீட்டுக்கு முந்தைய இரவில் முடிவு செய்கிறார்கள். இந்தத் தொழிலில் முன்னால் வந்தவர்கள் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறுகளைப் புதியவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறோம். விலையைத் தப்பாக அச்சடிப்பது, கூப்பன் காலாவதியாவதை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும்.

எஞ்சின் (நகர்வுகளைக் கணிக்கும் நிரல்) பலத்தைக் காட்டி அப்கிரேடு விற்பது

எஞ்சினும் பலகை காட்டும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழியான யூசிஐ நெறிமுறை 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதை ஏற்கும் எந்த எஞ்சினையும் அதை ஏற்கும் எந்தப் பலகை மென்பொருளிலும் பொருத்தலாம். மிகப் பலமான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இலவசம். 2020 செப்டம்பரில் வெளியான அதன் 12ஆம் பதிப்பிலேயே நரம்பியல் வலை மதிப்பீடு சேர்ந்துவிட்டது. "போன பதிப்பைவிட 60 ஈலோ (ஆட்ட பலத்தின் புள்ளி) அதிகம்" என்று நீங்கள் விளம்பரம் செய்தால், வாடிக்கையாளர் உங்கள் பழைய பதிப்பிலேயே புதிய ஸ்டாக்ஃபிஷை இரண்டு நிமிடத்தில் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்.

அவர் பணம் கொடுப்பது வேறு விஷயங்களுக்கு: தொடக்க ஆட்ட வரிசைகளைப் பராமரிக்க, அடுத்த சுற்று எதிராளியின் ஆட்டங்களை அலச, குறிப்பெழுதிய ஆட்டங்களைப் படிக்க. பெரிய டேட்டாபேஸில் ஒரு நிலையைத் தேட ஆகும் நேரம் எத்தனை நொடி குறைந்தது என்பதை அப்கிரேடு பக்கத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.

ஸ்டாக்ஃபிஷை உள்ளே வைத்து விற்பது குற்றமில்லை. அதன் திறந்த மூல உரிமமான ஜிபிஎல்லின்படி மூல நிரலையும் உரிம உரையையும் சேர்த்துத் தர வேண்டும். ஃபேட் ஃபிரிட்ஸ் 2, ஹூடினி 6 என்ற எஞ்சின்களில் இந்த உரிமத்தை மீறியதாக, அவற்றை விற்ற செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில்தான் சமரசம் ஆனது. அடியில் இருப்பது எந்த எஞ்சின் என்று பெட்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

புதியவர் கொடுப்பதைவிடப் பழையவர் அதிகம் கொடுப்பது

இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருகிறது.

கணக்கைப் பாருங்கள். முழு விலை 100, அப்கிரேடு விலை 60 என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டு நாளில் இது நியாயமாகவே இருக்கிறது. நான்கு மாதம் கழித்து ஆண்டிறுதித் தள்ளுபடி 45 சதவீதம் என்று அறிவிக்கிறீர்கள். முழு விலை 55 ஆகிறது. அப்கிரேடு 60 என்றே நிற்கிறது. காரணம், விற்பனைத் தளத்தில் அப்கிரேடு ஒரு தனிப் பொருளாகப் பதிவாகியிருக்கும். "ஏற்கெனவே குறைந்த விலை" என்று யாரோ அதைத் தள்ளுபடிப் பட்டியலிலிருந்து விலக்கியிருப்பார்கள்.

ஐந்து வருடமாக உங்களிடம் வாங்குகிற ஒருவர் தம் கணக்கில் நுழைந்து பார்க்கிறார்: 60. சந்தேகத்தில் உலாவியில் ஒரு தனி ஜன்னலைத் திறந்து, கணக்கில் நுழையாமல் அதே பக்கத்தைப் பார்க்கிறார்: 55. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார். செஸ் உலகம் சிறியது. அந்தப் படம் அன்று மாலைக்குள் அவருடைய கிளப் முழுக்கப் போய்ச் சேரும்.

கோபத்தைவிட மோசமானது அடுத்து நடப்பது. அவர் வேறொரு மின்னஞ்சல் முகவரியில் புதிய வாடிக்கையாளராக 55க்கு வாங்கிக்கொள்கிறார். உங்கள் பதிவேட்டில் அந்த ஐந்து வருட வாடிக்கையாளர் அப்கிரேடு செய்யாதவர் ஆகிவிட்டார். கூடவே யாரென்று தெரியாத ஒரு புதியவர் பிறந்திருக்கிறார். அடுத்த பதிப்பின் அறிவிப்பு அவர் பார்க்காத பழைய முகவரிக்குப் போகிறது. உதவி கேட்டு எழுதினால் எந்த லைசென்ஸ் என்று உங்கள் ஆட்களே குழம்புகிறார்கள். பழைய லைசென்ஸ் ஒரு நண்பரிடம் போகிறது. அங்கே இன்னொரு விற்பனை போயிற்று.

ஆண்டு முடிவில் அறிக்கையைப் பார்க்கிறீர்கள். அப்கிரேடு குறைவு, புது விற்பனை அதிகம். "பழையவர்களுக்கு ஆர்வமில்லை, புதியவர்களுக்கு இன்னும் தள்ளுபடி கொடுப்போம்" என்று முடிவெடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமாகிறது. தவறை மறைக்கும் எண்களை அந்தத் தவறே உண்டாக்குகிறது.

அப்கிரேடு விலையை நிலையான தொகையாக வைக்காமல் விகிதமாக வையுங்கள். எந்த நாளிலும் புதியவருக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த விலையில் 80 சதவீதத்தை அது தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் 55க்கு 44. மறுவிற்பனையாளர்கள் தரும் விலையையும் இதில் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸும் சந்தாவும் சேர்ந்த தொகுப்பு விலையையும் சேர்க்க வேண்டும். டேட்டாபேஸ் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் தொகுப்பைத் தள்ளி, அதற்கும் மறுபடி பணம் வாங்குவது இதே தவறின் இன்னொரு முகம். தள்ளுபடியைத் திறப்பதற்கு முன் மூன்று சோதனைக் கணக்குகளில் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள்: புதியவர், ஒரு பதிப்பு பின்தங்கியவர், இரண்டு பதிப்பு பின்தங்கியவர். பின்தங்கிய இந்த இருவருக்கும் ஒரே விலை வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு பதிப்பும் வாங்குகிறவர் இரண்டு முறை கொடுப்பதை, ஒன்றுவிட்டு ஒன்று வாங்குகிறவர் ஒரே முறை கொடுத்து முடித்துவிடுவார். முழு விலை 100 ஆக இருக்கும்போது முன்னவருக்கு 45, பின்னவருக்கு 60 என்பது போல ஓர் இடைவெளி வேண்டும்.

ஆப்பிள் ஆப் ஸ்டோரில் பழையவருக்கென்று அப்கிரேடு விலை வைக்க நேரடி வழி இல்லை. பழைய செயலியையும் புதியதையும் ஒரே தொகுப்பாக்கினால், பழையதற்குக் கொடுத்த தொகை தொகுப்பு விலையில் கழியும். அதைப் பயன்படுத்துங்கள்.

தவறு நடந்தபின் தெரிந்தால், அதிகம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தைத் திருப்பி அனுப்புங்கள். பணமாகவே அனுப்புங்கள், கூப்பனாக வேண்டாம்.

வெளியீட்டுக்குச் சற்றுமுன் வாங்கியவர்

கடைசி 90 நாளில் வாங்கியவருக்குப் புதிய பதிப்பு இலவசம். அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

பழைய பதிப்பு திறக்காத கோப்பு

ஒரு பயிற்சியாளர் புதிய பதிப்புக்கு மாறுகிறார். அதில் சேமித்த பாடக் கோப்பு, பழைய பதிப்பு வைத்திருக்கும் அவருடைய பன்னிரண்டு மாணவர்களிடம் திறக்கவில்லை. பன்னிரண்டு அப்கிரேடு விற்கும் என்று நினைக்கிறீர்கள், நடப்பது வேறு. பயிற்சியாளர், செஸ் ஆட்டங்களை எழுதும் பொதுக் கோப்பு வடிவமான பிஜிஎன்னுக்கு மாறுவார். 1993இல் உருவான அந்த வடிவத்தை எல்லா மென்பொருளும் திறக்கும். உங்கள் வடிவத்தில் மட்டும் இருக்கும் பயிற்சிக் கேள்விகள் அதில் போகாது என்றாலும், ஒரு முறை வெளியே போனவர் உங்களிடம் திரும்ப வேண்டிய தேவை இருக்காது. "பழைய வடிவத்தில் சேமி" என்ற வசதியைக் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு வைத்திருங்கள். கோப்பை மாற்றும் முன் மூலக் கோப்பின் நகலை மென்பொருளே எடுத்து வைக்கட்டும். பத்து வருடக் குறிப்புகள் பாழானால் எந்த விலைக் குறைப்பும் ஈடாகாது.

ஆண்டு டேட்டாபேஸ்

பல லட்சம் ஆட்டங்களில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது ஒரு சிறு பகுதிதான். சென்ற ஆண்டுத் தொகுப்பை வைத்திருப்பவரிடம் அந்தப் பகுதிக்கும், திருத்திய பெயர்களுக்கும், புதிதாகக் குறிப்பெழுதிய ஆட்டங்களுக்கும் மட்டும் விலை கேளுங்கள்.

ஆக்டிவேஷன் எண்ணிக்கை

ஒரு லைசென்ஸை இத்தனை கணினிகளில்தான் இயக்கலாம் என்று வரம்பு வைத்திருந்தால், கணினி பழுதானவரால் பழைய கணினியில் லைசென்ஸை விடுவிக்க முடியாது. அவர் கணக்குப் பக்கத்திலிருந்தே விடுவிக்க ஒரு பொத்தான் வையுங்கள்.

நிரந்தர லைசென்ஸ் என்று விற்றுவிட்டுச் சந்தாவுக்கு மாற்றுவது

கூடாது. புதியவர்களுக்கு வேண்டுமானால் சந்தா வையுங்கள்; பழையவரின் நிரல் இணையமில்லாமலும் திறக்க வேண்டும்.